பாப் பீஸின் நாலு கேள்விகளும் மாடியில் ஒரு சி.ஆர்.ஓ.வும்

பாப் பீஸ் எழுதிய 'ட்ரபிள்ஷூட்டிங் அனலாக் சர்க்யூட்ஸ்' புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை ரொம்பப் பிடித்தது. இரண்டாவது தடவை எரிச்சல் வந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போது பக்கத்தில் ஒரு செத்துப்போன சி.ஆர்.ஓ. இருந்தது, அதனால் கொஞ்சம் நியாயமாகப் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். அனலாக் ஆட்கள் மத்தியில் இது கிட்டத்தட்ட வேதப் புத்தகம். குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

பீஸ் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1961-ல் எம்.ஐ.டி.யில் பட்டம். பில்பிரிக் என்ற, ஆப்-ஆம்ப் வரலாற்றில் முக்கியமான கம்பெனியில் ஆரம்ப காலம். பிறகு நேஷனல் செமிகண்டக்டரில் முப்பது வருஷத்துக்கு மேல். நம்மூர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் எல்எம்337 ரெகுலேட்டர், எல்எம்331 வோல்டேஜ்-ஃப்ரீக்வென்ஸி கன்வர்ட்டர் இரண்டும் அவர் கைவேலை. 1989-ல் ஈடிஎன் என்ற தொழில் பத்திரிகையில் தொடராக வந்த கட்டுரைகள்தான் 1991-ல் இந்தப் புத்தகம் ஆயின. 2011 ஜூனில் அவர் நண்பரும் இன்னொரு அனலாக் மேதையுமான ஜிம் வில்லியம்ஸ் இறந்துபோனார். அவருக்கான நினைவுக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் தன் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் திரும்பும்போது விபத்தில் பீஸும் போய்விட்டார். ஒரே வாரத்தில் இரண்டு பேர்.

இப்போது என் பக்கத்துக் கதை. திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடி ரூமில் இருப்பது டெக்ட்ரானிக்ஸ் 465. 1972-ல் வந்த மாடல், 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. கைப்பிடி வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதால் அந்தக் காலத்தில் இது 'போர்ட்டபிள்'. உலகம் முழுக்க சர்வீஸ் இன்ஜினியர்கள் கையில் சுற்றியது. எனக்கு இது காயலாங்கடை வழியாக, யாரோ ஏலத்தில் மொத்தமாக எடுத்த சாமான்களின் நடுவே கிடைத்தது. எந்த ஆபீஸில் இருந்தது, எப்போது நின்றது, யார் கடைசியாகத் திறந்தார்கள், ஒன்றும் தெரியாது. பின்பக்கம் பெயின்டில் எழுதிய ஒரு நம்பர் பாதி அழிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே பீஸ் நாலு கேள்விகள் கேட்கச் சொல்கிறார். இது எப்போதாவது ஒழுங்காக வேலை செய்ததா? சரியாக இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய்? எப்போதிலிருந்து கெட்டது? கெடுவதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ கூடவேயோ வேறு ஏதாவது நடந்ததா? என் வார்த்தையில் சொல்லியிருக்கிறேன், சாரம் இதுதான். நல்ல டாக்டர் கேட்கிற கேள்விகள். மென்பொருள் வேலையில் நாங்களும் இதையேதான் கேட்கிறோம்: போன வாரம் ஓடிச்சா? கடைசியா என்ன மாத்துனீங்க?

சிக்கல் என்னவென்றால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். பீஸுக்கு எப்போதும் சாட்சி இருந்தது. அவர் லேபில் கெட்டுப்போனது பெரும்பாலும் அவரே வடிவமைத்த சர்க்யூட், அல்லது பக்கத்து பெஞ்சுக்காரர் வடிவமைத்தது, அல்லது போன் செய்து புலம்புகிற ஒரு வாடிக்கையாளருடையது. காயலாங்கடையிலிருந்து வந்த கருவிக்கு சாட்சி கிடையாது. நாலு கேள்வியில் இரண்டாவதற்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல முடியும். மனுஷனுக்கு வைத்தியம் பார்க்கிறவர் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது மாதிரி. கால்நடை மருத்துவர் வாயில்லா ஜீவனிடம் எதைக் கேட்பார்? தொட்டுத்தான் பார்க்க வேண்டும். புத்தகம் முழுக்க எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். இது சர்க்யூட்டைப் படைத்தவனுக்கான புத்தகம். அடுத்தவன் படைத்ததை, ஐம்பது வருஷம் கழித்து, அவன் மனசில் என்ன இருந்தது என்று தெரியாமல் திறக்கிறவனுக்கு இல்லை.

ஜிம் வில்லியம்ஸ் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. 1995-ல் அவர் தொகுத்த அனலாக் கட்டுரைத் தொகுப்பில் ரிப்பேர் செய்வதன் முக்கியத்துவம் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அடுத்தவர் கருவியைச் சரி செய்வதுதான் வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள நல்ல வழி என்பது அவர் கட்சி. உடைந்த கருவியைத் திறக்கும்போது, அதை உருவாக்கியவர் ஏன் இப்படிச் செய்தார் என்று யோசித்தே தீர வேண்டியிருக்கிறது. அந்தச் சில பக்கக் கட்டுரை பீஸின் முழுப் புத்தகத்தைவிட என் நிலைமைக்குப் பக்கத்தில் வந்தது.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

பிளக்கைச் சொருகுவதற்கு முன் பின்பக்கம் இருக்கும் மின்னழுத்தத் தேர்வு 230-க்கு இருக்கிறதா என்று பார்த்தேன். (115-ல் வைத்துச் சொருகியவர்களின் சோகக் கதைகள் நிறைய இருக்கின்றன.) ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. 'பீம் ஃபைண்ட்' என்று ஒரு பட்டன் உண்டு, கோடு திரைக்கு வெளியே எங்கே ஓடிப்போயிருந்தாலும் இழுத்து நடுவில் கொண்டுவந்து காட்டும். அதை அழுத்தினாலும் இருட்டுதான். திரையில் ஒன்றும் இல்லை, ஆகவே கோளாறு பிக்சர் டியூப் பக்கம், ஆகவே உயர் மின்னழுத்தப் பகுதி போய்விட்டது. இப்படி நானே முடிவு கட்டிக்கொண்டு இரண்டு வார இறுதிகளை அங்கேயே தொலைத்தேன். 465-ல் டியூபின் மொத்த முடுக்க மின்னழுத்தம் சுமார் 18,000 வோல்ட். பயந்து பயந்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் கண்டுபிடிக்காமல் நேரம் போனது.

எங்கள் தெருமுனையில் அறுபது தாண்டிய ஒரு டி.வி. மெக்கானிக் இருக்கிறார். இப்போது டி.வி. யாரும் கொண்டுவருவதில்லை, மிக்ஸி, எமர்ஜென்சி லைட் என்று ஓட்டுகிறார். அவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, சப்ளை எல்லாம் அளந்து பாத்தீங்களா?"

"இல்லண்ணே, படமே வரலையே..."

"படம் வரலேன்னா டியூப்புக்குப் போவீங்களா? சோறு தின்னாதவன் நடக்கலேன்னு காலுக்கு கட்டு போடுவீங்களா?"

அசிங்கமாக இருந்தது. பி.இ. படித்தவன், இருபது வருஷமாக மென்பொருளில் பிழை தேடி சம்பளம் வாங்குகிறவன். எங்கள் வேலையிலும் இதே தப்புதான் நடக்கும். ஸ்கிரீனில் தப்பு தெரிந்தால் ஸ்கிரீன் எழுதின பையன் தலையை உருட்டுவார்கள், டேட்டாபேஸ் இணைப்பு விழுந்து கிடக்கும்.

அன்றைக்கு ராத்திரிதான் 465-ன் சர்வீஸ் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். அதுவரை சர்க்யூட் படங்களை மட்டும் புரட்டியிருந்தேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த மேனுவல்தான். அதை யாரும் புத்தகம் என்று மதித்து விமர்சனம் எழுதுவதில்லை. எழுதினவர்களின் பெயர்கூட அட்டையில் கிடையாது. ஆனால் நான் படித்த தொழில்நுட்ப எழுத்துகளில் இவ்வளவு பண்பான எழுத்து குறைவு.

அதில் கோளாறு தேடும் பகுதி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? உன் கையைச் சோதி என்று. முன்பக்கக் குமிழ்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா, ஏனென்றால் தப்பான அமைப்பு இல்லாத கோளாறை இருப்பதுபோல் காட்டும். அடுத்து, கூட இணைத்திருக்கும் ப்ரோப், கேபிள், சிக்னல் கொடுக்கும் கருவி. அடுத்து, கண்ணால் பார். பிறகு அளவுத் திருத்தம். இதெல்லாம் தாண்டிய பிறகுதான் எந்தப் பகுதி, எந்தப் பாகம் என்று உள்ளே போகச் சொல்கிறது. அப்படி உள்ளே போகும்போதும் எல்லாவற்றுக்கும் முதலில் பவர் சப்ளை. பீஸ் கருவியின் பூர்வகதையைக் கேட்கிறார். மேனுவல் முதலில் ஆளைச் சந்தேகப்படுகிறது. காயலாங்கடைக் கருவிக்கு இதுதான் சரியான வரிசை. கதை சொல்ல ஆள் இல்லாவிட்டாலும், திறக்கிற ஆள் ஒருத்தன் எப்போதும் இருப்பான்.

அதற்கு அப்புறம் சர்க்யூட் விளக்கம். ஒவ்வொரு பகுதியாக, எந்த டிரான்சிஸ்டர் எதற்கு இருக்கிறது, எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்று உரைநடையில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அலங்காரம் கிடையாது, ஒரு வாக்கியம்கூட வீண் இல்லை. இந்தச் சப்ளைகளில் +55 வோல்ட்தான் மற்றவற்றுக்கு அளவுகோல், அது தப்பினால் மற்ற எல்லாம் தப்பும் என்பது அங்கே படித்தால்தான் புரியும். கடைசியில் மடித்து வைத்த பெரிய சர்க்யூட் படங்கள். இன்ன இடத்தில் இத்தனை வோல்ட், இன்ன அலைவடிவம் என்று போட்டிருப்பதோடு நிற்கவில்லை. அந்த அளவுகளை எடுக்கும்போது முன்பக்கக் குமிழ்களை எப்படி வைத்திருந்தோம் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாஷையில் இது டெஸ்ட் கேஸ். நீயும் அதே மாதிரி வைத்து அதே இடத்தில் அளந்து பார், வித்தியாசம் இருந்தால் நம்பு.

கம்பெனியின் பழைய வால்வு காலத்து 500 வரிசைக் கருவிகளைப் பற்றி ஒரு விஷயம். அவற்றில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் சால்டர் செய்திருப்பார்கள். அந்தப் பட்டையில் உலோகம் ஒட்டியிருப்பது வெள்ளிப் பூச்சால். சாதாரண ஈயத்தை வைத்து அடிக்கடி சால்டர் செய்தால் அந்த வெள்ளி கரைந்து பட்டை வீணாகிவிடும். அதனால் வெள்ளி கலந்த சால்டர் கம்பியை ஒரு சின்னச் சுருளாகக் கருவிக்கு உள்ளேயே வைத்து அனுப்பினார்கள். வாங்குகிறவன் ஒருநாள் இதைத் திறப்பான், திறக்க வேண்டும் என்று நினைத்த ஒரு கம்பெனி.

புகழ்ந்துகொண்டே இருந்தால் விமர்சனம் ஆகாது. மேனுவலிலும் குறை உண்டு. பாகங்களுக்கு எல்லாம் சொந்த நம்பர் கொடுத்துவிட்டார்கள். 151-0190-00 என்று பார்த்ததும் ஏதோ அபூர்வமான டிரான்சிஸ்டர் என்று நினைத்தேன். கடைசியில் அது 2என்3904, சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. 151-0188-00 அதன் ஜோடி 2என்3906. அட்டவணை தெரியாத ஆள் கருவியையே தூக்கிப் போட்டிருப்பான். தவிர, கம்பெனியே தயாரித்த சில ஐ.சி.க்கள் உள்ளே இருக்கின்றன. அவை போனால் இன்னொரு செத்த 465-லிருந்து பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. மேனுவல் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கம்பெனி இருக்கும், பாகம் அனுப்பும் என்ற நம்பிக்கையில் எழுதியது. அமெரிக்காவில் இருந்த அந்த நம்பிக்கை, லைசென்ஸ் வாங்கி இறக்குமதி செய்து, ஒரு ஃப்யூஸுக்கும் டெல்லிக்குக் கடிதம் எழுதிய நம் நாட்டு லேபுகளுக்கு எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பது வேறு கேள்வி.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் காலேஜ் ரெக்கார்ட் நோட்டு ஞாபகம் வந்தது. பரணில் இன்னும் இருக்கிறது. நோக்கம், தேவையான கருவிகள், கோட்பாடு, செய்முறை, அட்டவணை, 'மாடல் கிராஃப்', முடிவு. அந்த மாடல் கிராஃப் என்பதை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். சோதனை செய்வதற்கு முன்னாலேயே வர வேண்டிய வளைகோட்டை வரைந்து வைத்துவிட வேண்டும், அதுதான். பிறகு நம் அளவுகள் அதோடு ஒத்துப்போகும் வரை அளவுகளைத் திருத்துவோம். எஸ்எல்100 டிரான்சிஸ்டர் பொசுங்கிப்போயிருந்தாலும் ரெக்கார்டில் கிராஃப் அழகாக வரும். லேபில் பத்து சி.ஆர்.ஓ. இருந்தால் நாலுதான் ஓடும். ஓடாத மேஜையில் நின்றால், "பக்கத்து டேபிள்ல சேந்துக்கோப்பா" என்பார்கள். நாலு வருஷத்தில் ஒருமுறைகூட யாரும், இது ஏன் ஓடவில்லை பார்க்கலாம் வா என்று ஒரு மூடியைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லணும். பல சி.ஆர்.ஓ.க்களின் மூன்று-பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கியிருப்பார்கள், ரெக்கார்டில் அதற்குக் கோட்பாடு எதுவும் எழுதச் சொன்னதில்லை. (தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாமல் சி.ஆர்.ஓ.வை மிதக்க விட்டால், நீங்கள் தொடும் அந்த உலோகப் பெட்டியே மெயின்ஸ் ஆகலாம்.)

அந்த ஆறு செத்த சி.ஆர்.ஓ.க்கள்தான் எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல பாடப்புத்தகம். அதை மூலையில் அடுக்கி வைத்துவிட்டு மாடல் கிராஃப் வரைந்தோம். இப்படிக் கருவிகள் முடங்குவது ஒரு காலேஜின் பிரச்சினை இல்லை. 1970-களில் யு.ஜி.சி., பல்கலைக்கழகங்களில் கருவிகளைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் தனியாகக் கருவி மையங்களை உண்டாக்கியது இதற்காகத்தான். 1959-ல் தொடங்கிய சண்டிகர் சி.எஸ்.ஐ.ஓ.வின் கிளை ஒன்று சென்னை தரமணியில் இருக்கிறது. நாடு இந்தப் பிரச்சினையை அறிந்துதான் இருந்தது. பாடத்திட்டத்துக்குள் மட்டும் அது வரவில்லை.

மறுபடியும் 465. சப்ளைகள் ஐந்து: -8, +5, +15, +55, +110. மேனுவல் சொன்ன இடங்களில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். +55 சரி. +110 சரி. +5, -8 சரி. +15 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிஷம். இரண்டு வார இறுதிகளை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் விட்டு, அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தால் இரண்டு ஓம். எங்கேயோ ஷார்ட்.

இந்த இடத்தில் இணையத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்று. பழைய கருவி என்றாலே மொத்தமாகக் கழற்றிப் புதிதாகப் போடு. நானும் ஒருமுறை அதைச் செய்தவன்தான். ஒரு பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டரில் எல்லா எலக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றினேன். ஐம்பது வருஷப் போர்டில் சூடு அதிகமாகி இரண்டு இடத்தில் செம்புத் தடமே உரிந்து வந்துவிட்டது, ஒன்றைத் தலைகீழாக வேறு போட்டேன். கடைசியில் அதன் கோளாறு, ரேஞ்ச் ஸ்விட்சில் அழுக்கு. ஒரு கோளாறோடு வந்த கருவியை நாலு கோளாறோடு பெட்டியில் வைத்தேன்.

திருச்சிக்காரன் என்பதால் இதை யோசிக்கும்போது எனக்குப் பொன்மலை ரயில்வே பணிமனைதான் ஞாபகம் வரும். அங்கே பி.ஓ.எச். என்று ஒரு முறை. பெட்டியோ என்ஜினோ, குறிப்பிட்ட காலம் ஆனதும் உள்ளே வரும், கெட்டதோ கெடாததோ, பட்டியல்படி கழற்றிச் சோதித்து மாற்ற வேண்டியதை மாற்றி அனுப்புவார்கள். அது சரியான முறை. ஏனென்றால் ஆயிரக்கணக்கான வண்டிகள், எது எத்தனை நாளில் தேயும் என்று பல வருஷப் பதிவேடு, அதற்கென்றே பழகின கைகள், வெளியே போகும் முன் சோதனை. ஒரே ஒரு சி.ஆர்.ஓ.வை வைத்துக்கொண்டு, பதிவேடு இல்லாமல், மாடி ரூமில் பி.ஓ.எச். செய்வதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை. கோளாறைத் தேட மனசு வராததற்கு நாம் வைத்துக்கொண்ட கௌரவமான பெயர். எல்லாவற்றையும் மாற்றினபிறகு கருவி ஓடினாலும், எது கெட்டிருந்தது என்று தெரியாது. கருவி பிழைத்திருக்கும், நான் ஒன்றும் கற்றிருக்க மாட்டேன்.

(நியாயமாக ஒரு விதிவிலக்கு: 1980-களின் ஐரோப்பியக் கருவிகள் பலவற்றில் மெயின்ஸ் வாசலில் இருக்கும் ரிஃபா பேப்பர் கெப்பாசிட்டர்கள். கண்ணாடிபோன்ற உறையில் வெடிப்பு விட்டிருக்கும், ஈரம் உறிஞ்சி ஒருநாள் புகையைக் கக்கும். அதை யோசிக்காமல் மாற்றுங்கள்.)

ஷார்ட்டைத் தேடும் முறை இது. கருவியை மெயின்ஸிலிருந்து கழற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு பவர் சப்ளையை +15 லைனில் கொடுத்தேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறாதபடியும், 0.4 ஆம்பியருக்கு மேல் போகாதபடியும் கட்டிவைத்து. ஒரு வோல்ட்டில் எந்த ஐ.சி.யும் கெடாது. இந்த மின்னோட்டம் முழுக்க ஷார்ட் ஆன பாகத்தை நோக்கித்தான் ஓடும். ஓடும் வழியில் செம்புத் தடத்தின் சின்னச் சின்ன மின்தடையால் மில்லிவோல்ட் கணக்கில் இறங்கிக்கொண்டே வரும். மீட்டர் முனையைத் தடத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் 792, 788, 781, 774, 771. அதற்கப்புறம் எவ்வளவு தூரம் போனாலும் 771. ஆற்றில் தண்ணீர் ஓடும்வரைதான் சரிவு தெரியும், தேங்கிய இடத்தில் மட்டம் ஒன்றுதான். எங்கே இறக்கம் நிற்கிறதோ அங்கேதான் மின்னோட்டம் வெளியேறுகிறது. அந்த இடத்தில் ஒரு டாண்டலம் கெப்பாசிட்டர் இருந்தது. புளியங்கொட்டை சைஸ், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தால் லைனில் ஷார்ட் காணோம். இந்த வகை டாண்டலம்கள் வயதானால் இப்படி ஷார்ட் ஆவது ஊரறிந்த விஷயம்தான். ஆனால் அந்த லைனில் இருந்த இத்தனை டாண்டலத்தில் எது என்பதை ஊர் சொல்லாது, அளந்தால்தான் தெரியும்.

பழையதைவிட அதிக வோல்ட் தாங்கும் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு, ஆன் செய்தேன். பத்து விநாடி கழித்துத் திரையில் பச்சையாக ஒரு கோடு. முன்பக்கத்தில் இருக்கும் காலிபிரேட்டர் வளையத்தில் ப்ரோபைக் கொக்கி போட்டதும் ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, 300 மில்லிவோல்ட், வந்து நின்றது. ஏர்போர்ட் பக்கம் ஏதோ ஒரு ராத்திரி ஃபிளைட் ஏறிக்கொண்டிருந்தது. கீழே போய் மனைவியிடம் சொன்னேன். "சரி, அந்த ரூமைப் பெருக்கலாமா இப்ப?" என்றாள்.

இப்போது பீஸின் புத்தகத்தை மறுபடி எடைபோட்டால்? பாகங்களைப் பற்றிய அத்தியாயங்கள்தான் அதன் உயிர். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு என்று ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று, கூடவே வாழ்ந்தவர் மட்டும் சொல்லக்கூடிய விதத்தில் சொல்கிறார். பாடப்புத்தகத்தில் கெப்பாசிட்டர் என்பது இரண்டு கோடு. பீஸின் கெப்பாசிட்டருக்குக் குணம் உண்டு, கோபம் உண்டு, பழைய ஞாபகம்கூட உண்டு. சார்ஜை இறக்கினபிறகும் கொஞ்சம் திரும்ப ஏறிக்கொள்ளும் அந்தக் குணத்தை அவர் விளக்கும் இடம் அருமை. எந்த அத்தியாயத்திலும் சேராததை எல்லாம் 'ஃப்ளூபிடஸ்ட்' என்று பெயர் வைத்து ஒரு அத்தியாயமாகவே போட்டிருக்கிறார், அந்தத் தைரியமும் பிடித்தது.

பிடிக்காதது, எதற்கெடுத்தாலும் ஒரு கதை. அவர் கதைகளில் கோளாறு கடைசியில் எப்போதும் கண்டுபிடிக்கப்படும், கண்டுபிடிக்கிறவர் புத்திசாலியாக இருப்பார். முதல் தடவை படிக்கும்போது சுவாரசியம். ஆனால் படிக்கிறவன் அதிலிருந்து எடுத்துக்கொள்வது முறையை இல்லை, உள்ளுணர்வு மீது ஒரு மோகத்தை. 'திரை இருட்டு, ஆகவே டியூப்' என்று நான் பாய்ந்ததில் அந்த மோகத்துக்கும் பங்கு உண்டு. பீஸின் உள்ளுணர்வுக்குப் பின்னால் முப்பது வருஷம் இருக்கிறது, எனக்கு இரண்டு வார இறுதி. மேனுவலின் சுவாரசியமில்லாத ஒன்று, இரண்டு, மூன்று வரிசை, உள்ளுணர்வு இல்லாதவனுக்காக எழுதப்பட்டது. தெருமுனை அண்ணனிடம் இருப்பதும் அந்த வரிசைதான், பழமொழி வடிவத்தில்.

கம்ப்யூட்டர்கள் மேல் அவருக்கு இருந்த கடுப்பு இன்னொன்று. சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளை அவர் நம்பியதே இல்லை. கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்து போட்டோ எடுத்துக்கொண்டவர். பாதி நியாயம்: மாடல் கிராஃபை நம்பாதே என்பதைத்தான் அவரும் சொல்கிறார். மீதிப் பாதியில், மென்பொருள் உலகம் பிழை தேடுவதில் கற்ற ஒழுங்கை அவர் கவனிக்கவே இல்லை. பாதியில் வெட்டிப் பார், எந்தப் பாதியில் தப்பு என்று முடிவு செய், மறுபடி வெட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. பதிலுக்கு, எங்கள் ஆட்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: பார்ப்பதே மாற்றிவிடும். ப்ரோபை வைத்ததும் அதன் சில பிகோஃபாரட் சர்க்யூட்டில் சேர்ந்துகொள்கிறது. அலைந்துகொண்டிருந்தது அடங்கும், அல்லது அடங்கியிருந்தது அலைய ஆரம்பிக்கும்.

அவர் சொல்வதில் நான் ஒட்டிவைத்துக்கொண்டது மில்லிகன் விதி. அளவெடுக்கும்போது ஏதாவது வினோதமாகத் தெரிந்தால், வினோதம் என்று எழுதினால் போதாது, எவ்வளவு வினோதம் என்று அளந்து எழுது என்பது. வேடிக்கையாகத்தான் சொல்கிறார். ஆனால் எனக்குத் தெரிந்து நாலு வருஷ ரெக்கார்ட் நோட்டுகளுக்குச் சரியான மாற்று இந்த ஒரு விதி. மாடல் கிராஃபிலிருந்து எவ்வளவு விலகியது என்பதற்கு மார்க் போட்டிருந்தால் நாங்கள் வேறு மாதிரி இன்ஜினியர்களாக ஆகியிருப்போம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகள். நல்ல தொடக்கம். ஆனால் ரிப்பேர் உரிமை என்றால் சர்வீஸ் சென்டர் முகவரியும் வாரன்டி விவரமும் மட்டும்தானா என்பது என் சந்தேகம். 465 மேனுவல் தருவது வேறு ஒன்று. அது ஏன் இப்படி ஓடுகிறது என்ற விளக்கம். இன்று புதிதாக வாங்கும் அலைக்காட்டிகளோடு பெரும்பாலும் சர்க்யூட் படமே வருவதில்லை. பயன்படுத்தும் முறையை நூற்றுக்கணக்கான பக்கங்களில் சொல்வார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பக்கம் இருக்காது. அவற்றை 2070-ல் யாராவது காயலாங்கடையில் எடுத்தால், நாலு கேள்விக்கு மட்டும் இல்லை, ஐந்தாவது கேள்விக்கும் பதில் கிடைக்காது.

465 இப்போது ஓடுகிறது. முழுக்க இல்லை. டைம்பேஸில் வேகமான ரேஞ்சுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை, திரையின் பத்துக் கட்டத்தில் கிட்டத்தட்ட அரைக் கட்டம் விலகுகிறது. கருவி சூடான பிறகு கால் கட்டமாகக் குறைகிறது. இரண்டையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்விட்ச் தொடர்பாக இருக்கும் என்று மனசு சொல்கிறது. அதனால் ஸ்விட்சை இப்போதைக்குத் தொடப்போவதில்லை, முதலில் அந்த ஐந்து சப்ளைகளையும் குளிரிலும் சூட்டிலும் ஒருமுறை அளக்க வேண்டும்.